சிங்குக்கு அடியில் ஓர் ஆசிட் பாட்டில்

நகரத்தில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேட்டில் உள்ள கணக்கு. நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 540 லிட்டர். அது போர் தண்ணீராகவும், அதன் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராமாகவும் இருந்தால், தினமும் 270 கிராம் சுண்ணாம்புச் சத்து அந்த வீட்டுக் குழாய்களைக் கடந்து போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 98 கிலோ. இரண்டு மூட்டை சிமெண்டின் எடை. பெரும்பகுதி எங்கும் நிற்காமல் சாக்கடைக்குப் போய்விடுகிறது. தங்கிவிடும் மிகச் சிறிய பங்குதான் சமையலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்காகவும், சிங்கில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத படலமாகவும், மூடிய பிறகும் நிற்காத சொட்டாகவும் தெரிகிறது.

இந்தப் பொருக்கு குழாயைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது மெதுவாகக் கெடுக்கிறது. பல நேரம் கெட்டதைத் திரும்பச் சரிசெய்யவும் முடிகிறது. அதைப் போக்குவதற்காக நாம் ஊற்றும் ஆசிட்டும், இறுகிய கைப்பிடியில் காட்டும் பலமும் ஒரே நாளில் செய்துவிடும் சேதத்தைத் திரும்பச் சரிசெய்ய முடிவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடும்பாறை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது; பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. போர் போட்டு நாம் மேலே இழுப்பது அந்தத் தண்ணீரை. கோவையில் பல வீடுகளில் சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு குழாயும் உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாயும் தனித்தனியே இருக்கும். மலை அணையிலிருந்து வரும் தண்ணீர் விழும் குழாய் பளபளப்பாக இருக்க, பக்கத்துக் குழாயின் மூக்கில் பொருக்கு தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. சென்னையில் நிலைமை இன்னும் குழப்பம். ஒரே சம்ப்புக்குள் மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் மூன்றும் விழும். விகிதம் மாதத்துக்கு மாதம் மாறும். ஏரிகள் வற்றிய 2019 கோடையைப் போன்ற காலங்களில் போர் தண்ணீரின் பங்கு ஏறும், குழாய்களும் அந்த அளவுக்குச் சீக்கிரம் அடைபடும்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று ஏற்கத்தக்க எல்லை வைக்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் வைக்கவில்லை. 200 மில்லிகிராமுக்கு மேலே போனால் குழாய்களில் படிவு சேரக்கூடும் என்றுதான் சொல்கிறது. அதாவது, 600 மில்லிகிராம் தண்ணீர் சட்டப்படி குடிக்கத்தக்கதாக இருக்கலாம். உங்கள் குழாய் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. வாரண்டி அட்டையின் சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். உப்புப் படிவால் வரும் பழுதும் ஆசிட் பட்டு வரும் பழுதும் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும்.

தண்ணீரை அளப்பதிலேயே முதல் தவறு நடக்கிறது. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்திருக்கும் மொத்த உப்பை உத்தேசமாகக் காட்டும். எந்த உப்பு என்று சொல்லாது. கடலோரத்துக் கிணற்றில் 1000 காட்டினால் அதில் பெரும்பங்கு சாதாரணச் சமையல் உப்பாக இருக்கலாம். உள்மாவட்டத்துப் போர் கிணற்றில் அதே 1000 காட்டினால் பெரும்பங்கு கால்சியமாக இருக்கலாம். முன்னது பொருக்கு கட்டாமல் உலோகத்தை அரிக்கும். பின்னது அரிக்காமல் பொருக்கு கட்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சரியான அளவு வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். வீட்டளவில் ஒரு பழைய சோதனை போதும்: ஒரே அளவான இரண்டு பாட்டில்களில் ஒன்றில் பிடித்துவைத்த மழைநீர், மற்றொன்றில் குழாய்த் தண்ணீர் எடுத்து, சம அளவு துணிச் சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்குங்கள். டிடர்ஜெண்ட் கூடாது, அசல் சோப்பாக இருக்க வேண்டும். நுரைக்கு மாறாக வெள்ளைத் திரி மிதக்கும் பாட்டில் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும்.

சரி, இத்தனை மீட்டர் பைப் இருக்க, பொருக்கு ஏன் குழாயின் வாயிலேயே கட்டுகிறது? நிலத்தடியில் கால்சியத்தைக் கரைசலில் பிடித்துவைத்திருப்பது கரியமில வாயு. தண்ணீர் காற்றோடு கலக்கும் இடத்தில் வாயு வெளியேறுகிறது, கால்சியம் கார்பனேட் திடப்பொருளாக இறங்குகிறது. குகைகளில் சுண்ணாம்பு விழுதுகள் வளர்வதும் இப்படித்தான். இன்றைய குழாய்களின் வாயில் ஏரேட்டர் என்ற சல்லடை இருக்கிறது. அதன் வேலையே தண்ணீரில் காற்றைக் கலப்பது. படிவு உண்டாக இதைவிடத் தோதான இடத்தை யாராலும் வடிவமைக்க முடியாது. போதாக்குறைக்கு, குழாயை மூடிய பின் சல்லடையில் தங்கும் துளிகள் காய்ந்து, கரைந்திருந்த அத்தனையையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகின்றன.

நம் வீடுகளில் இது சீக்கிரம் தெரிய இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்குகிறது. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மேல்தளத்து வீட்டுக்கும் தொட்டிக்கும் மூன்று மீட்டர்தான் இடைவெளி என்றால், 0.3 பார். அந்த அழுத்தத்தில் சல்லடையின் பாதிக் கண்கள் அடைபட்டாலே குழாய் அழுகிற மாதிரி வடியும். பிளம்பர் வருவார், திறந்து பார்ப்பார், “உள்ள எல்லாம் உப்பு சார், குழாயையே மாத்திடலாம்” என்பார். மாற்றினால் நிச்சயம் நன்றாக வரும், புதிய குழாயில் புதிய ஏரேட்டர் இருக்கிறதே! ஏரேட்டரை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்திருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும்.

எங்கே அடைப்பு என்று கண்டுபிடிப்பது கடினமான வேலை இல்லை. ஒரு குழாயில் மட்டும் வேகம் குறைந்தால் ஏரேட்டரைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். வேகம் திரும்பினால் விஷயம் முடிந்தது. கழற்றிய பின்னும் குறைவாக வந்தால் சிங்குக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக் என்ற வால்விலோ, இணைப்புக் குழாயிலோ, உள்ளேயிருக்கும் கார்ட்ரிட்ஜிலோ அடைப்பு. வெந்நீர்ப் பக்கம் மட்டும் குறைந்தால் கீசர். எல்லாக் குழாய்களிலும் ஒரே நேரத்தில் குறைந்தால் தொட்டியின் வெளிவாயும் அதன் வால்வும். இந்த நான்கையும் பார்க்காமல் குழாயை மாற்றச் சொல்பவரிடம் ஏரேட்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பில்லை.

சுத்தம் செய்யக் கடையில் கிடைக்கும் வினிகர் போதும். அதில் 4 சதவீத அளவுக்கு அசிட்டிக் அமிலம் இருக்கிறது. 100 மில்லி வினிகர் அதிகபட்சம் மூன்று கிராம் சுண்ணத்தைத்தான் கரைக்கும். எனவே தடித்த பொருக்கு ஒரே ஊறலில் போகாது. வினிகரைக் கொட்டிவிட்டுப் புதிதாக மாற்றி, மறுபடி ஊறவைக்க வேண்டும். சிட்ரிக் ஆசிட் தூள் இரண்டு மேசைக்கரண்டி ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்தாலும் இதே வேலையைச் செய்யும். எலுமிச்சம் மூடியும் புளிக் கரைசலும்கூட வேலை செய்யும், கொஞ்சம் தாமதமாக. நம் பாட்டிமார் பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டதும் இந்தப் புளிப்பை நம்பித்தான். ஏரேட்டரைக் கழற்றி ஊறவைக்கலாம். கழற்ற முடியாத மூக்குக்கு வினிகர் நிறைந்த பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடலாம். ஒரு முறைக்கு அரைமணி நேரம் போதும். இரவு முழுக்க ஊறவைத்தால் பூச்சின் நுண்ணிய விரிசல் வழியே அந்த மெல்லிய அமிலமும் உள்ளே இறங்கும். கறுப்பு, தங்கநிறம் போன்ற அலங்காரப் பூச்சுக் குழாய்களில் கம்பெனிக் கையேட்டைப் பார்க்காமல் எந்தப் புளிப்பையும் தொடவேண்டாம்.

அடுத்து, சொட்டு. ஒரு சொட்டு கால் மில்லி என்று கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயில் நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் போகிறது. பழைய மாடல் திருகுக் குழாயில் ரப்பர் வாஷர் ஒன்று பித்தளை வாயின் மேல் அழுந்தி நீரை நிறுத்துகிறது. அந்த வாயின் விளிம்பில் சுண்ணம் ஏறினால் வாஷர் சமமாக உட்காராது, சொட்டு தொடங்கும். நாம் இன்னும் இறுக்கித் திருகுவோம். பொருக்கு ரப்பரைக் கீறும், சொட்டு கூடும். வாஷரை மட்டும் மாற்றினால் புதிய வாஷரும் அதே கரடுமுரடான விளிம்பில்தான் உட்காருகிறது, சில வாரங்களில் அதே கதை. வாயின் விளிம்பை வினிகர்த் துணியால் துடைத்து, விரல் வைத்துத் தடவிப் பார்த்து, பள்ளம் விழுந்திருந்தால் அதைச் சமன்செய்த பிறகே வாஷர் போட வேண்டும். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஆண்டுக்கு நான்கு வாஷர் மாற்றுகிற வீடுகள் நிறைய.

கால் சுற்றுத் திருப்பினால் திறக்கும் இப்போதைய குழாய்களிலும், ஒற்றைக் கைப்பிடிக் குழாய்களிலும் வாஷர் இல்லை. கார்ட்ரிட்ஜ் என்ற உருளைக்குள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு பீங்கான் தட்டுகள் இருக்கின்றன. அந்தப் பீங்கான் அலுமினா. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 9. சுண்ணப் பொருக்குக்கு 3. ஆகவே பொருக்கால் அந்தத் தட்டைக் கீற முடியாது. அப்படியானால் கைப்பிடி ஏன் இறுகுகிறது? தட்டுகளுக்கு இடையில் இருந்த கிரீஸ் கழுவிப்போய், ஓரங்களில் சுண்ணம் ஒட்டிக்கொள்வதால். இறுகிய கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பும்போது தட்டு ஓரத்தில் சில்லு தெறிக்கிறது, அல்லது மேலே கைப்பிடியைத் தாங்கும் பல் தேய்ந்து வழுக்குகிறது. அதன் பிறகு கார்ட்ரிட்ஜை மாற்றுவதைத் தவிர வழியில்லை. இறுக ஆரம்பித்த அன்றே நீரை மூடிவிட்டு, கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வினிகரில் ஊறவைத்துக் கழுவி, சிலிகோன் கிரீஸ் தடவிப் போட்டால் இன்னும் பல காலம் ஓடும். வண்டிக்குப் போடும் கிரீஸைத் தடவக் கூடாது. குழாயில் உள்ள ஓ-ரிங் பெரும்பாலும் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும் ரப்பர்.

இனி ஆசிட். நம்மூரில் ஆசிட் என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 2013-இல் உச்ச நீதிமன்றம், பெண்கள் மீதான ஆசிட் வீச்சு வழக்கில், இதன் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது: வாங்குபவரின் விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் பெயர்ச்சீட்டு இல்லாத பழைய பாட்டிலில் பாத்ரூம் ஆசிட் தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறது. கழிப்பறைப் பீங்கானுக்கு என்று விற்கும் திரவங்களில் பலவற்றிலும் இதே அமிலம்தான், ஏறத்தாழ 10 சதவீதம்.

பீங்கான் இதைத் தாங்கும். குழாய் தாங்காது. பளபளக்கும் குழாயின் மேலிருக்கும் குரோமியப் பூச்சு பொதுவாக அரை மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தொழிற்சாலைகளில் பழைய குரோமியப் பூச்சை நீக்கவேண்டுமென்றால் பயன்படுத்துவதே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத்தான்! குழாயில் ஆசிட் தடவித் தேய்ப்பவர், பூச்சு நீக்கும் வேலையைக் கூலி வாங்காமல் செய்கிறார். முதல் நாள் பளிச்சென்று இருக்கும், பொருக்கு போய்விட்டதல்லவா. பூச்சுக்குக் கீழே நிக்கல், அதற்குக் கீழே பித்தளை. விலை மலிந்த குழாய் என்றால் பித்தளை இருக்கும் இடத்தில் துத்தநாகக் கலவை. அதை இந்த அமிலம் நேரடியாகவே கரைக்கும். இழந்த பூச்சை வீட்டில் யாரும் திரும்பப் போட முடியாது. சொரசொரப்பான இடத்தில் சுண்ணம் முன்னைவிட வேகமாக ஒட்டும். எனவே அடுத்த முறை ஆசிட் இன்னும் சீக்கிரம் தேவைப்படும்.

சமையலறை மேடை கடப்பா கல் என்றால் இன்னொரு சேதம். கடப்பா கல் சுண்ணாம்புக் கல். நீங்கள் கரைக்க நினைக்கும் பொருக்கும் மேடையும் ரசாயனப்படி ஒரே இனம். ஆசிட்டுக்கு இரண்டும் ஒன்று. சொட்டிய இடமெல்லாம் பளபளப்புப் போய் வெளிறிய தடம் நிற்கும். வினிகரும் எலுமிச்சையும்கூடக் கடப்பாவிலும் மார்பிளிலும் தடம் போடும். சிங்கின் ஓரத்தை ஒயிட் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தால் அதுவும் அரித்து, இடுக்கு வழியே தண்ணீர் கீழே அலமாரிக்குள் இறங்கும். “சிங்க் லீக்” என்று பிளம்பரைக் கூப்பிடும் பழுதுகளில் இதுவும் ஒன்று. சிங்கில் ஓட்டை எதுவும் இருக்காது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. அந்த எஃகைக் காப்பது அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு என்ற கண்ணுக்குத் தெரியாத படலம். குளோரைடு அதைத் துளைக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுக்க முழுக்கக் குளோரைடு. கடலோரப் போர் தண்ணீரிலும் அது தாராளம். பொருக்குக்கு அடியில் ஈரமும் குளோரைடும் காற்றில்லாமல் அடைபட்டிருக்கும் இடத்தில் ஊசிமுனைப் பள்ளங்கள் விழும். கம்பி நார் போட்டுத் தேய்ப்பது அடுத்த தவறு. நாரின் இரும்புத் துகள் சிங்கில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கிறது, நாம் சிங்க் துருப்பிடித்தது என்கிறோம். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், ஒசத்தி ஸ்டீல் என்பார். நிக்கல் கூடிய 304 வகையிலும் காந்தம் ஒட்டாது. நிக்கல் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 200 வரிசை எஃகிலும் ஒட்டாது. குளோரைடைத் தாங்கும் திறனில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். உப்புத் தண்ணீர் வீட்டுக்கு பில்லில் 304 என்று எழுதி வாங்குவதுதான் நம்பகமான வழி.

மிக முக்கியமான எச்சரிக்கை இனித்தான் வருகிறது. சிங்குக்கு அடியில், கதவு போட்ட சின்ன அலமாரியில், ஆங்கிள் காக்கிலிருந்து குழாய்க்குப் போகும் இணைப்பு ஹோஸ் இருக்கிறது. உள்ளே ரப்பர், வெளியே மெல்லிய எஃகுக் கம்பிப் பின்னல். தண்ணீரின் அழுத்தத்தை ரப்பர் தாங்குவதில்லை, பின்னல்தான் தாங்குகிறது. அதே அலமாரியில்தான் நாம் ஆசிட் பாட்டிலையும், பினாயிலையும், பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தையும் வைக்கிறோம். மூடி சரியாக மூடாத பாட்டிலிலிருந்து அமில ஆவி கசிந்து, காற்றோட்டமில்லாத அந்த இடத்தில் தேங்கி, பின்னலின் மேல் ஈரத்தோடு சேர்ந்து படிகிறது. கம்பிகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டு அறுகின்றன. பழுப்புப் புள்ளிகள் தெரியும். கதவைத் திறந்து குனிந்து பார்க்கிறவர் யார்? போதுமான கம்பிகள் அறுந்த நாளில் ரப்பர் புடைத்து வெடிக்கிறது. பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அது நடந்தால், தொட்டி காலியாகும் வரை தண்ணீர் கொட்டும். ஹோஸ் பழுதுக்கு நாம் தண்ணீரைத்தான் குறை சொல்வோம்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றையொன்று தொட்டால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. ஆசிட் ஊற்றியும் போகாத கறைக்கு மேலே பிளீச்சிங் தூவுவது, அல்லது நேர்மாறாகச் செய்வது, சின்ன பாத்ரூமில் நுரையீரலைக் காயப்படுத்தப் போதுமானது. இருமலும் கண்ணெரிச்சலும் வந்தால் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

கழிவுப் பக்கத்திலும் கடின நீருக்குப் பங்கு உண்டு. எண்ணெயிலிருந்து பிரியும் கொழுப்பமிலம் கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத சோப்புக் கட்டியாகும். சிங்கின் வேஸ்ட் கப்ளிங்கிலும் அதன் கீழே பாட்டில் ட்ராப்பிலும் வெள்ளை மெழுகாக அப்பிக்கொள்ளும். அடைப்பு நீக்கும் தூள் பொட்டலங்களில் காஸ்டிக் சோடா இருக்கிறது. அது கொழுப்பைச் சோப்பாக்கும். கடின நீரில் அந்தச் சோப்பே மறுபடி கட்டியாகும். தண்ணீர் போதாமல் தூளைக் கொட்டினால் தூளே கல்லாக இறுகி, கிளம்பும் சூட்டில் பி.வி.சி. ட்ராப் கோணிப்போகும். தூள் வேலை செய்யவில்லை என்று ஆசிட் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து கொதித்து முகத்தில் தெறிக்கும். பாட்டில் ட்ராப் கையால் கழற்றும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. கீழே ஒரு வாளியை வைத்து, அடிமூடியைத் திருகிக் கழற்றி, சுரண்டிக் கழுவி மாட்டினால் தீர்ந்தது.

கீசர் தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சூடேறும்போது தண்ணீரின் தற்காலிகக் கடினத்தன்மை சுண்ணமாக இறங்கும். அது ஹீட்டிங் காயிலை மூடுவதோடு நிற்காது, பாதுகாப்பு வால்விலும் படியும். சூடேறும் நேரத்தில் அந்த வால்விலிருந்து சில சொட்டு விழுவது இயல்பு, அழுத்தம் வெளியேறும் வழி அது. சொட்டுகிறதே என்று அதை அடைத்துவைக்கும் வீடுகள் உண்டு. சுண்ணம் அடைத்தாலும் நாம் அடைத்தாலும் உள்ளே அழுத்தம் ஏறும். தெர்மோஸ்டாட்டும் பழுதானால் கீசர் வெடிக்கக்கூடும்.

இவ்வளவுக்கும் ஒரே தீர்வு வாட்டர் சாஃப்ட்னர் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். பிசின் மணிகள் வழியே நீரைச் செலுத்தி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் கருவி சொன்னதைச் செய்கிறது, குழாய்க்கு நல்லது. கணக்கையும் பாருங்கள். 500 மில்லிகிராம் கடினத்தன்மையை முழுக்க நீக்கினால் லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் சேரும். ரத்த அழுத்தக்காரர்கள் அதைக் குடிக்கக் கூடாது, செடிகளுக்கும் ஊற்றக் கூடாது. டி.டி.எஸ். மீட்டரில் அளவு குறையாது, ஏனென்றால் ஒரு உப்புக்கு மாற்றாக இன்னொரு உப்பு வந்திருக்கிறது. மீட்டரைக் காட்டி சாஃப்ட்னர் விற்பவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். காந்தம் மாட்டினால் போதும் என்ற கருவிகளுக்கு ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன; நான் அதற்குப் பணம் போடமாட்டேன். கடினத்தன்மையை அடியோடு நீக்குவதும் நல்லதில்லை. முற்றிலும் மென்மையான நீர் உலோகத்தை அரிக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் எல்லா உப்பையும் எடுத்துவிட்டு, பைப் அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் சுண்ணத்தைத் திரும்பச் சேர்த்துத்தான் அனுப்புகின்றன.

செலவில்லாத மென்னீர் மழை. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியில் விழும் நீரை வடிகட்டிச் சம்ப்பில் விட்டால், பாதிக்குப் பாதி கலந்தாலே கடினத்தன்மை பாதியாகும். அந்த மாதங்களில் குழாய் மூக்கு சுத்தமாக இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, சிங்குக்கு அடியில் உள்ள ஆசிட் பாட்டிலையும் பிளீச்சிங் பவுடரையும் வெளியே எடுத்து, ஒன்றுக்கொன்று தொலைவில், குழந்தைகளுக்கு எட்டாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஹோஸின் பின்னலில் பழுப்புப் புள்ளி இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். இரண்டாவது, ஆங்கிள் காக்கை மூடிப் பாருங்கள். வருஷக்கணக்கில் திருப்பாமல் விட்டதில் சுண்ணம் இறுகியிருக்கலாம், ரெஞ்ச் போடாமல் கையாலேயே, அதுவும் தொட்டி வால்வை மூடிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். முழுதாக மூடினால் திறந்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படித் திருப்பிவையுங்கள். மூடவில்லை என்றால் இப்போதே மாற்றுங்கள். ஹோஸ் வெடித்த பிறகு தண்ணீரை நிறுத்த அந்தத் தளத்தில் உங்களுக்கு வேறு வால்வு இல்லை.